மேஜையின் இடது ஓரம்

என் வலது கையில் இரண்டு விரல்கள் இருக்கின்றன. கட்டைவிரலும் சுண்டுவிரலும். இடையிலிருந்த மூன்றும் என் பத்தொன்பதாவது வயதில், ஓசூரில், ஒரு சின்னத் தொழிற்சாலையின் பவர் பிரஸ்ஸில் போயின. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நேரில் பார்ப்பவர்கள் வாயால் என்னோடு பேசிக்கொண்டே கண்ணால் கையைத் தேடுவார்கள். படிக்கிறவர்களுக்காவது அந்தச் சிரமம் வேண்டாம். "அய்யோ பாவம்" என்று சொன்ன யாரிடமும் நான் மரியாதையாக நடந்துகொண்டதில்லை. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

நாங்கள் மத்திகிரியில் வரிசை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும் அம்மாவும் விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கு ஃபவுண்டரியில் ஷிப்ட் வேலை. அம்மாவுக்குப் பாகலூர் சாலையில், ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் ஒன்றில், பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை. பத்தாவதோடு என் படிப்பு நின்றது. பதினெட்டு நிறைந்ததும் வண்டிகளுக்கான பிராக்கெட் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன்.

அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து டை என்கிற வெட்டச்சு இறங்கி, கீழே வைத்த தகட்டை வெட்டும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் டைக்கு அடியில் இருக்க முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அப்படி ஒழுங்காக வேலை செய்தால் கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம். ஷிப்ட் ஆரம்பித்ததும் பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பரால் ஒரு பட்டனை அமுங்கியபடியே கட்டிவிடுவோம். அப்போது ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை தகட்டுக்கு. கட்டச் சொல்லி யாரும் சொன்னதில்லை. அவிழ்க்கச் சொல்லியும் யாரும் சொன்னதில்லை. சூப்பர்வைசர் வரும்போது அந்தப் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார்.

நான் வலது பட்டனைக் கட்டுவேன். இடது கையால் மற்றதை அமுக்குவேன், வலது கையால் தகட்டை வைத்து எடுப்பேன். அன்று ஒரு தகடு கோணலாக உட்கார்ந்தது. அதை நேராக்க வலது கை உள்ளே போயிற்று. இடது கை, பழக்க தோஷத்தில், பட்டனை அமுக்கிவிட்டது.

எல்லோரும் மிஷின் கையை வெட்டிவிட்டது என்றார்கள். எனக்குத்தானே தெரியும். என் இடது கைதான் என் வலது கையை வெட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் அந்த முழுக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து விரலோடு, ஒரு நகம்கூட உடையாமல், ஒன்றும் தெரியாத மாதிரி போர்வை மேல் கிடந்தது.

கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். ஷாப்பில் பிரஸ்ஸுக்குக் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டார்களாம்.

"திருஷ்டி கழிச்சிட்டாங்கக்கா. இனிமே ஒண்ணும் ஆவாது."

"டியூப்ப அவுத்தாங்களா?"

"அது எப்பிடிக்கா அவுப்பாங்க? புரொடக்‌ஷன் ஆவாதே."

அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

சில மாதம் வீட்டில் சும்மா கிடந்த பிறகு, கிருஷ்ணகிரி போகிற வழியில் இருந்த ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் விண்ணப்பம் போட்டேன். நஷ்ட ஈடு என்று வந்தது கட்டணத்துக்குப் போதுமானதாக இருந்தது. நான் கேட்டது மெக்கானிக்கல். சேர்க்கை அறையில் இருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் எடுத்துக்கம்மா, கைக்கு வேலை கம்மி" என்றார். "கைக்கு வேலை வேணும்னுதான் சார் வந்திருக்கேன்" என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் உள்ளே ஒரு உண்மையும் இருந்தது. என்னைக் கடித்தது என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வகுப்பில் எல்லோரும் என்னைவிட நான்கு வயது சின்னவர்கள். எல்லோருக்கும் நான் அக்கா. பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, கால்வாசிப் பேர் கன்னடம், எல்லோரும் எனக்குப் புரியக்கூடாதது என்றால் மொழி மாற்றிப் பேசுவார்கள். ஓசூரில் வளர்ந்தவளுக்கு எல்லாம் புரியும் என்று அவர்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

இடது கையால் எழுதப் பழகிவிட்டேன். கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் படிக்க முடிந்தது. கணக்கு வந்தது, இயற்பியல் வந்தது. டிராயிங் வரவில்லை.

இத்தனைக்கும் டிராயிங்தான் என்னை அந்தப் படிப்பில் கட்டிப்போட்டது. முதல் வகுப்பிலேயே ஆசிரியர் ஒரு பிராக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான் அடித்த அதே பிராக்கெட் இல்லை, அதற்குப் பங்காளி. முன்னாலிருந்து பார்த்தால் இது, மேலிருந்து பார்த்தால் இது, பக்கத்திலிருந்து பார்த்தால் இது என்று பலகையில் மூன்று படம் போட்டார். உள்ளே மறைந்திருக்கும் ஓட்டையைக்கூட விட்டுவிட்டு வரும் கோட்டால் காட்டினார். அந்த மூன்று படமும் கையில் இருந்தால், பொருளைப் பார்த்தே இராத ஒருவன் உலகத்தின் எந்த மூலையிலும் அதை அப்படியே செய்துவிடலாம் என்றார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கில் கையில் எடுத்த பொருளை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் கைக்கு மேல் ஏறி இறங்கிய அந்த டையையும் யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு மேஜையில், இப்படிக் கோடு கோடாக முதலில் நினைத்துப் பார்த்திருக்கிறார். இரும்புக்கு முன்னால் கோடு இருக்கிறது. இன்று டை வரைந்துதான் என் சம்பளம் வருகிறது. இருந்தாலும் வெள்ளை ஷீட்டை விரித்ததும் அந்த முதல் நாள் சிலிர்ப்பு இன்னும் கொஞ்சம் வருகிறது.

ஆனால் கை வரவில்லை. அதைப் புரிந்துகொள்ள மினி டிராஃப்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரைபலகையின் மேல் விளிம்பில், இடது மூலையில், திருகி மாட்டும் கருவி அது. மடங்கி நீளும் கம்பிகளின் முனையில் ஒரு வட்டத் தலை, அந்தத் தலையில் செங்கோணமாக இணைந்த இரண்டு ஸ்கேல்கள். இடது கையால் தலையைப் பிடித்து நகர்த்தி அழுத்திக்கொண்டு, வலது கையால் கோடு போட வேண்டும். எனக்கோ பென்சில் இடது கையில். அதே கையால் தலையை நகர்த்தி வைத்து, விட்டுவிட்டுப் பென்சிலை எடுப்பதற்குள் ஸ்கேல் நழுவிவிடும். வலது கையைக் குறுக்கே நீட்டிப் பிடித்தால் வரைய வேண்டிய இடத்தை அந்தக் கையே மறைக்கும். நேர்க்கோடுகள் மாடியேறிப் போயின.

இன்னொன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. டிராயிங் எப்போதும் மதியம். நான் மதியம் சாப்பிட மாட்டேன். வலது கையின் இரண்டு விரலால் சோற்றைப் பிசைந்தால் பாதி மடியில் விழும். இடது கையால் நாலு பேர் முன்னால் சாப்பிட எனக்கு மனசு வராது. வீட்டில் முதல் தடவை நான் இடது கையைத் தட்டில் வைத்தபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். திட்டவில்லை. மறுநாள் ஒரு ஸ்பூன் வாங்கிவந்து வைத்தார், அதையும் என் வலப்பக்கம் வைத்தார். கல்லூரியில் டப்பாவைத் திறக்காமலே வைத்திருந்து, பேருந்து நிலைய நாய்க்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். பசியில் மூன்று மணிக்கு மேல் கை நடுங்கும்.

முதல் வருடத் தேர்வில் மற்றதெல்லாம் தேறி, டிராயிங்கில் மட்டும் தோற்றேன். கூடுதல் நேரம் கேட்டுப் பார்த்திருந்தேன். அதற்கு வேண்டிய ஊனச் சான்றிதழுக்கு என் கை தேவையான அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். என் வாழ்க்கையில் அந்தக் கையை யாரும் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அப்பா சொன்னார். "இன்னொரு தடவ எழுதிப் பாரு. அதுலயும் வரலன்னா விட்டுரும்மா. டிராயிங் இல்லாம இந்தப் படிப்பு இல்லங்குறாக. ஒன்னய சங்கடப்படுத்தி என்னத்துக்கு." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரக்கத்தோடு சொன்னார், அதனால் சரி என்றேன். அடுத்த தேர்வில் டிராயிங் தேறினால் கல்லூரி, இல்லாவிட்டால் வீடு. அவ்வளவுதான் என்று ஆயிற்று.

இரண்டாம் வருடம் ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். மறுபடி எழுதுகிறவர்களுக்காக மதியங்களில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்திருந்தார்கள். அன்று அதில் போய் உட்கார மனமில்லை. பதினோரு மணிக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மத்திகிரிக்கு வந்து சேர்ந்தால் வீடு பூட்டியிருந்தது. சாவி அம்மாவிடம். அம்மா வேலை செய்யும் இடத்துக்கு நான் அதுவரை போனதே இல்லை. பெயரைச் சொல்லிக் கேட்டுக்கேட்டு, டவுன் பஸ் மாறி, பாலிஹவுஸ் வாசலில் போய் இறங்கினேன்.

பேக்கிங் ஷெட் வாசலில் இருந்த மேற்பார்வையாளர், "யாரு பேக்கம்மா?" என்று கன்னடத்தில், யார் வேண்டும் என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, லெஃப்ட் ஹேண்ட் அம்மாவா! நீ மகளா? போ போ, அந்தக் கடைசி மேஜை."

ஆள் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் அம்மா வலது கைக்காரி. வலது கையால் சமைப்பாள், பரிமாறுவாள், வலது கையால் என் தலையில் குட்டுவாள்.

உள்ளே நல்ல குளிர். வாளி வாளியாக ரோஜாக்கள், ஒவ்வொரு மேஜைக்கும் நான்கைந்து பெண்கள். மேஜைப் பலகையில் காம்பின் நீளம் பார்க்கக் கோடுகள் போட்டிருந்தது. கடைசி மேஜையின் இடது ஓரத்தில் அம்மா நின்றிருந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.

இடது கையால் வேலை செய்துகொண்டிருந்தாள்.

வலது கை வாளியிலிருந்து ஒரு பூவை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. மற்றதெல்லாம் இடது கை. கீழ் இலையையும் முள்ளையும் ஒரே இழுப்பில் உருவியது. காம்பைக் கோட்டின் மேல் ஒரு கணம் வைத்தது, அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை, அதற்குள் பூ அதனதன் குவியலுக்குப் போய்விட்டது. இருபது சேர்ந்ததும் வரிவரியான அட்டையை ஒரு சுற்று, காம்பின் அடியை ஒரு வெட்டு, கட்டு முடிந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒன்று முடிப்பதற்குள் அம்மா இரண்டாவதில் பாதியில் இருந்தாள். அவசரமே இல்லை. மற்றவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் எதை எடுத்தாலும் கொட்டுகிற, பாத்திரத்தை டமடமவென்று வைக்கிற, அதற்காக அப்பாவிடம் தினம் பேச்சு வாங்குகிற அம்மா இவள்தானா? இத்தனை வருடம் நான் அவளைத் தடுமாற்றக்காரி என்றே நினைத்திருந்தேன். என் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஒரு பெரிய வித்தையைப் பார்க்கிற குழந்தை மாதிரி வாசலிலேயே நின்றேன். என் அம்மாவை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

மணி அடித்தது. சாப்பாட்டு நேரம். அம்மா நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முதலில் செய்த காரியம், இடது கையை முந்தானைக்குள் மறைத்ததுதான்.

"என்னடி இந்நேரத்துக்கு? காலேசு லீவா?"

"சாவி வேணும்."

ஷெட்டுக்கு வெளியே வேப்ப நிழலில் உட்கார்ந்தோம். அம்மா தன் டப்பாவைத் திறந்தாள், என் பையிலிருந்து என் டப்பாவையும் எடுத்தாள். தூக்கியதும் கனம் தெரிந்துவிட்டது.

"இன்னும் திங்கலியா?"

"இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

"அப்ப தெனமும் இத யாரு திங்கிறா?"

"பஸ் ஸ்டாண்டு நாய்."

அம்மா என்னை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். முகம் அப்படி ஆயிற்று. பிறகு என் வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துகொண்டாள். மறைத்து வைத்திருந்த தன் இடது கையை வெளியே எடுத்துக் கழுவினாள். அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து ஒரு வாய் தின்றாள்.

"இப்பத் தின்னு" என்றாள்.

இரண்டு பேரும் இடது கையால் சாப்பிட்டோம். அந்தக் கத்தரிக்காய்க் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அங்கே எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவாளாம்.

"பொறந்ததுலருந்தே எனக்கு இந்தக் கைதான்டி. கல்யாணமாகி வந்த மொத நா, பந்தில எடது கையி முன்னாடி நீண்டுருச்சு. உங்கப்பா வீட்டுல பெரிய ரகள. அன்னையிலருந்து வீட்டுக்குள்ள அது வராது. இங்கதேன் வரும். அப்பாட்ட சொல்லிராத."

"எல்லாம் மாத்தி வச்சிருக்கியே, வாளி, கத்தரி எல்லாம். யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மொத வாரம் நடுவுல நின்னு எல்லாரு முழங்கையிலயும் முட்டிக்கிட்டே கெடந்தேன். அப்புறம் எடது ஓரத்துக்கு வந்தேன், வாளிய அங்கிட்டுத் தூக்கி வச்சேன். சரியாப் போச்சு." அதில் சொல்ல ஒன்றும் இல்லை என்பது மாதிரி டப்பாவை மூடினாள்.

சாவியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தவள், வீடு வரும்வரை அந்த வாளியையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வருடமாக நான் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வாளியை மாற்றி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்குள் போனதும் வரைபலகையைத் தரையில் போட்டு, டிராஃப்டரைக் கழற்றி வலது மூலையில் மாட்டினேன். தலையின் திருகைத் தளர்த்தி, ஸ்கேல்களைக் கால் வட்டம் திருப்பி இறுக்கினேன். இரண்டும் இப்போது இடது பக்கமும் கீழ்ப்பக்கமுமாகத் திறந்து நின்றன. வட்டத் தலை என் வலது கைக்கு நேராக வந்தது. கட்டைவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரல் ஒரு பக்கம், நடுவில் தலை. மூன்று விரல் இல்லாத இடத்தில் அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. இடது கையால் ஒரு கோடு இழுத்தேன். நேராகப் போயிற்று. நம்பாமல் இன்னொன்று இழுத்தேன். அதுவும் நேராகப் போயிற்று. ஷீட் முழுக்கக் கோடு போட்டுத் தீர்த்தேன். எதையும் வரையவில்லை, வெறும் கோடுகள். அவ்வளவு அழகான எதையும் நான் அதற்கு முன் செய்ததில்லை.

ஒரு ஸ்கேலில் எண்கள் தலைகீழாக இருந்தன. அதைப் படிக்கப் பழக ஒரு வாரம் ஆயிற்று. மாற்றி மாட்டிய மறுநாளே வகுப்பில் ஆசிரியர் என் மேஜைக்கு வந்து, "தப்பா மாட்டிக்கினு இருக்கியேம்மா" என்று நல்லெண்ணத்தோடு கழற்றிப் பழையபடி மாட்டிவிட்டுப் போனார். அவர் முதுகு திரும்பியதும் நான் மறுபடி மாற்றினேன். இது மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் அவர் ஷீட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டிராஃப்டரைத் தொடாமல் போனார்.

மதியச் சாப்பாட்டையும் எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து இடது கையால் தின்றேன். முதல் நாள் ஒருத்தி மட்டும், "அக்கா, நீங்க சாப்பிடவே மாட்டீங்கன்னு நெனச்சோம், ஏதோ விரதம்னு" என்றாள். நான் ஒரு வருடம் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

தேர்வு நாளில் எண் வரிசைப்படி எனக்கு விழுந்த இடம் இரட்டை மேஜையின் வலது பக்கம். வலக்கைக்காரப் பையன் ஒருவன் இடப்பக்கம். இரண்டு முழங்கையும் நடுவில் மோதும் என்று உட்கார்ந்ததுமே தெரிந்தது. எழுந்து, இடது ஓரம் வேண்டும் என்றேன். வெளியிலிருந்து வந்த கண்காணிப்பாளர், எண்ணை மாற்றி உட்கார வைக்க விதி இல்லை என்றார். யாரையோ கேட்கப் போனார், வந்தார், மறுபடி போனார். மணி ஓடியது. கடைசியில் மேஜையில் சாக்பீஸால் எழுதியிருந்த எண்களை அவரே அழித்து மாற்றி எழுதினார். பத்து நிமிடம் போயிருந்தது. டிராஃப்டரை மாட்டியதும் மறுபடி வந்தார்.

"அத தப்பா மாட்டியிருக்கம்மா."

"எனக்கு இதான் சார் சரி."

அப்போதுதான் என் கையைப் பார்த்தார். "அய்யோ" என்று ஆரம்பித்தார். "சார், டைம் ஆகுது" என்றேன்.

வரையச் சொன்னது ஒரு தாங்குகட்டை, சுழலும் தண்டைத் தன் துளையில் தாங்குகிற இரும்புக் கட்டை. மூன்று பக்கப் படம், அளவுகளோடு. முதல் அரை மணி நேரம் பயத்தில் வரைந்தேன். அதற்குப் பிறகு பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வலது கை தலையைக் கொண்டுபோய் நிறுத்தும், இடது கை கோட்டைப் போடும், வலது கை நகரும், இடது கை காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து வேலை செய்தன. நான் வெறுமனே வேடிக்கை பார்த்தேன். வெள்ளைத் தாளிலிருந்து அந்தக் கட்டை மெல்ல எழுந்து வந்தது. அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைக்கு விட்டுவிட்டுக் கோடு போடும்போது எனக்கு அழுகை வந்தது. ஷீட்டில் சொட்டிவிடக் கூடாதே என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டேன். என் இடது கையின் மேல் எனக்கிருந்த கோபம் அந்த மேஜையில்தான் தீர்ந்தது. அது வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. பாவம், பட்டனை அமுக்கு என்று நான்தான் அதற்குப் பழக்கியிருந்தேன்.

முடிவு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று கூட்டத்துக்குள் புகுந்து என் எண்ணைத் தேடினேன். தேறியிருந்தேன். சும்மா தேறவில்லை, எழுபதுக்கு மேல். மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். அவளுக்கு மதிப்பெண் பெரிதாகப் படவில்லை. "என்னத்த வரைஞ்ச, காட்டு" என்றாள். தேர்வுத்தாளைத் திருப்பித் தர மாட்டார்கள் என்றேன். "அப்ப இப்ப வரை" என்றாள். விளக்கைப் போட்டு, தரையில் பலகையை வைத்து, அதே கட்டையை வரைந்து காட்டினேன். அம்மா எதிரில் குத்த வைத்து உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி, ஒவ்வொரு கோட்டையும் பார்த்தாள். முடித்ததும் தாளின் ஓரத்தில், பெயர் எழுதும் கட்டத்தில், என் பெயரை எழுதினேன்.

"அந்தப் பென்சில இங்க குடு" என்றாள்.

ஸ்கேலை ஒட்டி ஒரு கோடு போட்டுப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா இடது கையில் பென்சிலைப் பிடித்து, என் பெயருக்குக் கீழே, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் பெரிதாக இருந்தன, ஆனால் ஒன்றும் கோணவில்லை. புள்ளியைக்கூட மறக்கவில்லை.

அம்மா ரேஷன் கடையிலும் வங்கியிலும் கைநாட்டு வைப்பவள். அவளுக்கு எழுத்தே தெரியாது என்று நானும் அப்பாவும் நினைத்திருந்தோம்.

"உனக்கு எழுதத் தெரியுமா?"

"எழுத்தெல்லாம் தெரியும்டி. இந்தக் கையில எழுதக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல கயித்தப் போட்டுக் கட்டி வச்சாக. அந்தக் கையில எழுத வரல. தெனமும் அடி. ரெண்டாப்புலயே நிப்பாட்டிட்டாக." தாளைத் தூக்கிப் பிடித்துத் தன் பெயரை உற்றுப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் அப்பா நின்றிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர், எவ்வளவு நேரமாக நின்றாரோ. அம்மா பென்சிலைச் சட்டென்று கீழே போட்டுவிட்டு, இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்பா செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்தார். என் பெயரையும் அதற்குக் கீழே இருந்த பெயரையும் பார்த்தார். உருண்டு போயிருந்த பென்சிலைத் தேடி எடுத்து, அம்மாவின் இடது பக்கமாக நீட்டினார்.

"இன்னொருக்கா எழுது" என்றார்.